இடது பக்கம் ஒரு சாண்

எஃப்.சி.க்குப் போகிற லாரிகள் முந்தின நாள் மாலையே மாமாவின் பட்டறைக்கு வந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தி, சாலையில் ஓடத் தகுதி உண்டு என்று சான்று வாங்க வேண்டும். அதுதான் எஃப்.சி. கம்பெனியிலிருந்து வந்த வடிவத்தில் வண்டி அங்கே நிற்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பக்கம், பூதப்பாண்டிக்கு வடக்கே மலையடிவாரத்தில் கல் சுமக்கிற லாரி எதுவும் அந்த வடிவத்தில் இருக்காது. முன்னால் குழாயும் தகடும் சேர்த்து அடித்த கனத்த பம்பர், அதன்மேல் நாலு விளக்கு, பக்கப் பலகைக்கு மேலே ஒரு அடி உயர்த்திய இரும்பு. மாமா எல்லாவற்றையும் கழற்றி மேற்குச் சுவரில் சாய்த்துவைப்பார். மறுநாள் சான்றோடு திரும்பி வருகிற வண்டிக்கு எல்லாவற்றையும் மறுபடி மாட்டுவார்.

"இது ஏமாத்து இல்லியா மாமா?" என்று பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் கேட்டேன்.

"கோயிலுக்குள்ள போம்போ ஆம்பிளையெல்லாம் சட்டையக் கழத்திட்டுத்தானே போறோம். வெளிய வந்து போட்டுக்கிடுவோம். அது சாமிய ஏமாத்துனதா?" என்று அவர் கேட்டார்.

அவர் எனக்குச் சொந்த மாமா அல்ல. லாரி டிரைவரான என் அப்பாவும் அவரும் இளவயதில் ஒரே கல்குவாரியில் வேலை செய்தவர்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட்டுப் பழகியதில் எனக்கு அவர் மாமா ஆனார். ஒல்லியான ஆள். வெல்டிங் பொறி பட்டு எல்லாச் சட்டையிலும் கடுகு தெறித்தது போலச் சிறு ஓட்டைகள் இருக்கும். இடது புருவத்தில் பாதி முளைக்காது.

அவரைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு குணம்தான் உண்டு. யார் எதைக் கேட்டாலும் "செரி" என்பார்.

டிரைவர்கள் வந்து விதம்விதமாகக் கேட்பார்கள். ஒருவனுக்குப் பம்பரில் மாட்டுக்கொம்பு வேண்டும். இன்னொருவனுக்கு மகள் பெயரைத் தகட்டில் வெட்டி நடுவில் பதிக்க வேண்டும். "இதுக்குச் சட்டத்துல எடம் கெடையாது கேட்டியா, பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டா வண்டிய ஓரங்கட்டிருவாரு" என்று மாமா ஆரம்பிப்பார். மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். எதிரே நிற்பவனின் முகம் கொஞ்சம் சுருங்கும். அதைப் பார்த்ததும் மாமாவின் கை தானாக இடுப்பிலிருக்கும் அளவுநாடாவைத் தேடும். "செரி, எத்தன இஞ்சி வேணும்?"

ஒரு வருடம் எங்கள் கிறிஸ்தவ சபையில் ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகையும், தெருவின் மறுகோடியில் அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல் தாங்கலின் திருநாளும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வந்தன. இரண்டு இடத்திலிருந்தும் புது கேட் செய்யக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் செரி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சபை வாசலில் இடப்பக்கக் கதவு மட்டும் நின்றது. தாங்கல் வாசலில் வலப்பக்கக் கதவு மட்டும் நின்றது. அசனச் சோற்றை வாங்கிக்கொண்டே ஜனங்கள் சிரித்தார்கள். "ஏலே, கர்த்தருக்கு ஒத்தக் கதவு, அய்யாவுக்கு ஒத்தக் கதவு. ரெண்டையும் சேத்து வெச்சா இவன் வீட்டுக்கு ஒரு கேட்டு ஆச்சு."

அவர் மனைவி அதைவிடக் கடுமையாகப் பேசுவார். "கல்யாணத்தன்னைக்கு இந்தப் பொண்ணு சம்மதமான்னு கேட்டாங்க. செரின்னாரு. எனக்கு அன்னைக்கு என்னா பெருமை! பக்கத்துல ஒரு ஆட்டக் கொண்டு நிறுத்தியிருந்தாலும் செரின்னுதான் சொல்லியிருப்பாருன்னு பின்னதானே தெரிஞ்சுது."

மாமாவும் சேர்ந்து சிரிப்பார். ஒருநாள் நான் மட்டும் இருக்கும்போது கேட்டேன். "ஒருத்தர்ட்டயாவது ஆவாதுன்னு சொல்லிப் பாருங்களேன் மாமா."

"மொகத்தப் பாத்துக்கிட்டு எப்படி மக்கா சொல்லதுக்கு?" என்றார். அவர் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வழி தெரியாமல் என்னிடம் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அவர் பெயரைத் தாங்கி எங்கள் வீட்டிலிருந்த ஒரே பெருமையான காகிதம் அவருடைய ஹெவி லைசென்ஸ். நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மாமா என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டு, சுவரில் சுருட்டிச் செருகியிருக்கும் நோட்டீசுகளை வாசிக்கச் சொல்வார். அப்படித்தான் ஒருமுறை பம்பர் பற்றிய மத்திய அரசின் உத்தரவை அவருக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். தயாரித்தவர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்று ஐம்பத்திரண்டாம் பிரிவு சொல்கிறது, கூடுதலாக இரும்பு பம்பர் வைப்பது அதற்கு விரோதம், நடந்துபோகிறவர்களுக்கும் வண்டியில் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

தலையைச் சாய்த்துக் கேட்டார். "வண்டிய காப்பாத்தத்தானே இரும்பு வைக்கோம்? பின்ன என்ன ஆபத்து?"

"கம்பெனி பம்பர் நசுங்கும் மாமா. நசுங்குனா அடியில கொஞ்சம் அதுவே வாங்கிக்கிடும். நீங்க வைக்கது நசுங்காது. அப்ப அந்த அடி எங்க போவும்?"

"எதுக்க நிக்கவன் மேல."

"ஆமா."

கையிலிருந்த வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தார். "இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லல்லியே" என்றார்.

"இனிமே செய்யாதீங்க."

"செரி மக்கா."

"கழத்தி வைக்கதுலயும் வண்டி நம்பர சாக்பீஸ்ல எழுதாதீங்க. மழையில அழிஞ்சிரும். பெயின்ட்ல எழுதுங்க."

"செரி மக்கா."

மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது பட்டறைக்குள் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. என்னைக் கண்டதும் முகத்தகட்டைத் தூக்கி, திருட்டுத்தனமாகப் பல்லைக் காட்டினார். வாசலில் ஒரு டிரைவர் புது பம்பருக்காகக் காத்து நின்றார்.

இப்போது நான் நாகர்கோவிலில் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருக்கிறேன். எதிர்த்தரப்புச் சாட்சியிடம் 'ஆமாம்' என்று மட்டுமே பதில் வரும்படி கேள்வியை அடுக்கக் கற்றுக்கொள் என்று என் சீனியர் சொல்கிறார். அது பெரிய வித்தை என்கிறார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மாமாவின் முகம் வரும்.

நான் சட்டக் கல்லூரியில் நாலாம் வருடம் படித்தபோது அப்பா ஓட்டிய லாரிக்கு எஃப்.சி. வந்தது. வழக்கம்போல பம்பரைக் கழற்றி மேற்குச் சுவரில் சாய்த்தார்கள். அன்று நல்ல மழை. அந்தப் பக்கம் கூரைத் தகரம் ஒழுகும். சாக்பீஸ் எழுத்தெல்லாம் கரைந்துபோயிற்று. மறுநாள் எங்கள் வண்டியைவிடப் பெரிய லாரி ஒன்றின் டிரைவர் முதலில் வந்துவிட்டார். கேரளாவுக்கு லோடு நிற்கிறது என்று அவசரப்பட்டார். எங்கள் வண்டியின் பம்பரைக் காட்டி, "இதான் அண்ணாச்சி நம்மளுது" என்றார். அது அவருடையது இல்லை என்று மாமாவுக்குத் தெரியும். தன் கையால் செய்த இரும்பு தெரியாமல் இருக்குமா? செரி என்று மாட்டிக் கொடுத்துவிட்டார்.

அப்பா வண்டியோடு வரும்போது அந்தப் பெரிய லாரியின் பம்பர்தான் மிச்சம். ஓட்டைகள் பொருந்தவில்லை. மாமா புது ஓட்டை போட்டு, வலப்பக்கத்தைச் சரியாக நிறுத்தினார். மிச்ச நீளமெல்லாம் இடப்பக்கம் போயிற்று. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்த நான் அங்கேயேதான் நின்றேன். லாரி முதலாளியும் காரில் வந்து இறங்கினார்.

அப்பா இடப்பக்கம் குனிந்து கையை விரித்து அளந்தார். "மச்சான், இது நம்ம வண்டிது இல்ல. ஒரு சாண் வெளிய நிக்கு. எனக்கு என் வண்டிக்க அகலம்தான் கண்ணுல இருக்கும். மாத்தித் தரணும்."

"செரி மச்சான். அந்த வண்டி திரும்பி வந்த ஒடனே மாத்திருவோம்."

முதலாளி நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். "மாத்தவெல்லாம் வேண்டாம்யா. இப்பத்தான் வண்டி கெம்பீரமா இருக்கு. இது அசையாதபடி நல்லா வெல்டு வெச்சு விட்டுரு."

"செரி மொதலாளி."

வெல்டு வைத்தார். அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு ஏறி வண்டியை எடுத்தார். குவாரியில் லோடு நின்றது.

மூன்றாம் நாள் காலை, இரணியல் தாண்டி ஒரு ஒடுங்கிய சாலையில் எதிரே பஸ் வந்தது. அப்பா வண்டியை இடப்பக்கம் ஒதுக்கினார். ஸ்கூட்டரில் வந்த ஓர் அங்கன்வாடி டீச்சர் லாரிக்கு வழிவிட்டு ஓரத்தில் காலூன்றி நின்றிருந்தார். லாரியின் உடல் அவரைத் தொடவில்லை. அந்த ஒரு சாண் இரும்பு அவருடைய முழங்காலில் மோதியது. அப்பாவே தூக்கி ஆட்டோவில் ஏற்றி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

நான் அந்த டீச்சரைப் பார்க்கப் போனேன். கட்டுப்போட்ட கால் தலையணைமேல் இருந்தது. "எடம் இருக்குன்னுதான் மக்ளே நானும் நெனச்சேன்" என்றார் அவர். "ஒங்கப்பாவும் அப்பிடித்தான் நெனச்சிருப்பாரு." கொஞ்சம் கழித்து, "பிள்ளையளோட தரையில உக்காரணும் எனக்கு. இனி மொட்டு மடங்காதுன்னு டாக்டர் சொல்லுகாரு" என்று கால்முட்டைத் தொட்டுக் காட்டினார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் லாரியைச் சோதித்து, பிரேக்கில் குறையில்லை, அனுமதியில்லாத பம்பர் வெளியே நீண்டிருக்கிறது என்று எழுதினார். லைசென்சை ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. முதலாளிக்கும் வந்தது. தனக்குத் தெரியாமல் டிரைவர் தன் இஷ்டத்துக்கு மாட்டிக்கொண்டது என்று அவர் பதில் கொடுத்துவிட்டார்.

ஐம்பத்தேழு வயதில் ஒரு வருடம் லைசென்ஸ் போனால் அதன்பிறகு அப்பாவுக்கு யாரும் வண்டி தர மாட்டார்கள். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. நடந்ததைச் சொல்ல வெளியாள் மாமா ஒருவர்தான். நான் மகள், என் வார்த்தை எடுபடாது. ஆகவே நடந்ததை நடந்தபடியே ஒரு தாளில் எழுதினேன். பம்பர் மாறியது, அப்பா மாற்றச் சொன்னது, முதலாளி வேண்டாம் என்றது. நான் எழுதியதிலேயே நல்ல தமிழ் அதுதான். பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

"அப்படியே நேர்ல கண்டது போல இருக்கு மக்கா" என்றார்.

"நீங்க நேர்லதான் கண்டீங்க மாமா. இதுல கையெழுத்துப் போட்டுத் தரணும். நாளக் கழிச்சு ஆபீசுல வந்து சொல்லணும்."

"செரி மக்கா." துணியில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார்.

நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அப்பாவிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதலாளி அவன்ட்ட போனாரா?" என்று மட்டும் கேட்டார். நான் அதை யோசிக்கவே இல்லை.

விசாரணை நாளில் நாங்கள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். அதிகாரி ஒரு பெண். அவரைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. நான் பேச வாயெடுத்ததும், "நீ யாரும்மா?" என்றார்.

"டிரைவருக்க மகள், மேடம். லா படிக்கேன்."

"அப்ப ஒனக்கே தெரியுமே. உக்காரு."

அவர் முன்னால் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று நான் எழுதியது. இன்னொன்று கம்ப்யூட்டரில் அடித்தது. டிரைவர் கேட்டுக்கொண்டதால் நான் அவருக்காக மட்டும் இந்தப் பம்பரைப் பொருத்தினேன், முதலாளிக்கு எதுவும் தெரியாது என்று மாமா சொன்னதாக அதில் இருந்தது. அதன் கீழேயும் ஒவ்வொரு எழுத்தாக வரைந்த அதே கையெழுத்து இருந்தது. இரண்டையும் அதிகாரி உரக்க வாசித்தார்.

"ரெண்டும் ஒங்க கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"இதுல எது உண்மை?"

மாமா அப்பாவைப் பார்த்தார். சுவரோரம் நின்ற முதலாளியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. வியர்த்து, உதடு காய்ந்து, எல்லாரும் தன்னிடம் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டுமே என்ற தவிப்பு மட்டும் அதில் இருந்தது.

"ரெண்டு பேரும் நமக்கு வேண்டப்பட்டவங்க மேடம்."

"நான் அதக் கேக்கல. பம்பர மாட்டச் சொன்னது யாரு? டிரைவரா, ஓனரா? இல்ல நீங்களா ஒங்க இஷ்டத்துக்கு மாட்டுனீங்களா?"

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. யாருக்கும் வருத்தமில்லாத ஒரு பதிலை மேடமே எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"ஆமா மேடம். நானாத்தான் மாட்டுனேன்."

"மாமா!" என்று நான் எழுந்துவிட்டேன். அதிகாரி என்னை உட்காரச் சொன்னார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"இடது பக்கம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அப்பாவுக்குப் பொய் வராது. "தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் ஏன் வண்டிய எடுத்தீங்க?"

அப்பா முதலாளியின் பக்கம் திரும்பவில்லை. தன் கால்விரல்களைப் பார்த்தபடி நின்றார். "லோடு நின்னுது மேடம்" என்றார்.

அதிகாரி எழுத ஆரம்பித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அந்த மூன்று பதில்களை வைத்துக்கொண்டு வேறெதுவும் எழுதியிருக்க முடியாது. சட்டம் தெரிந்தவளாக அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. முதலாளி பம்பரை அகற்றிவிட்டு, அபராதம் கட்டிவிட்டு, லாரியை எடுத்துக்கொள்ளலாம். அப்பாவின் லைசென்ஸ் ஒரு வருடத்துக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. அப்பா சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, வேட்டியில் ஒருமுறை துடைத்து, மேசைமேல் வைத்தார்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு என்று எனக்குத் தெரியும். அங்கேயும் இந்த வாக்குமூலம்தான் போகும் என்பதும் தெரியும்.

வெளியே எஃப்.சி.க்கு வந்த லாரிகள் வரிசையாக நின்றன. வெயில் அடித்தது. முதலாளியின் கார் எங்களைக் கடந்து போயிற்று. அப்பா வேப்பமரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமா எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். பக்கத்தில் வரத் தயங்கி, இரண்டடி தள்ளி நின்றார். உள்ளே என்ன எழுதினார்கள் என்பது அவருக்குப் பாதிகூடப் புரியவில்லை. மேடம் கோபப்படவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

நான் சொல்வதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். அந்தக் கால்முட்டு, அந்த அட்டை, இரண்டு கையெழுத்து. எதை முதலில் எடுத்து அவர்மேல் எறிவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான்," என்றார் அவர். "நான் சொன்னது ஒனக்கு ஒதவிச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாகப் பிடித்தார்.

"ஒதவிச்சு மச்சான்" என்றார்.

மாமா மூச்சுவிட்டார். ஓட்டை விழுந்த சட்டையின் நுனியைத் தூக்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பயந்துட்டே இருந்தேன், கேட்டியா," என்றார். "ஒங்களுக்குப் பாதகமா ஏதாவது வாயில வந்துரப்பிடாதேன்னு."